எழிலக்காவின் ஸ்டெப்னி

1

கனடாவுக்கு வந்து பத்தொன்பது வருடம் முடிந்த அன்று, நான் வினிபெக் நகரத்தில் ஒரு வண்டிப் பட்டறையின் வரவேற்பு மேசை முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அக்டோபர் மாதம். பனி தொடங்குவதற்குள் இங்கே எல்லோரும் குளிர்கால டயருக்கு மாறிவிடுவார்கள். என்னுடையது பிக்கப் வண்டி. வீடுகளுக்குத் தரை போடும் வேலை எனக்கு. பலகையும் பசை டப்பாக்களும் பின்னால் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவேன்.

"நாலு டயரையும் மாத்திட்டு, ஸ்டெப்னியையும் கீழே இறக்கிப் பாத்துடுங்க" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

மேசையில் இருந்த பெண் கம்ப்யூட்டரிலிருந்து தலையை நிமிர்த்தினாள். "ஸ்டெஃபனியா? அந்தப் பெயரில் இங்கே யாரும் வேலை செய்யவில்லையே."

பக்கத்தில் நின்ற என் மகள் யாழினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பதினேழு வயது. "ஸ்பேர் டயரைத்தான் சொல்கிறார்" என்று அந்தப் பெண்ணிடம் விளக்கிவிட்டு, என் பக்கம் திரும்பி, "அப்பா, அந்த வார்த்தை இங்க யாருக்கும் தெரியாது" என்றாள். பத்தொன்பது வருடத்தில் நான் விட்டொழித்த சைதாப்பேட்டை வார்த்தைகள் எத்தனையோ. இது மட்டும் நாக்கை விட்டு நகர மறுக்கிறது.

அடுத்த சிக்கல் படிவம். பிரேக்குக்குக் கட்டம் இருந்தது, விளக்குக்கு இருந்தது, கண்ணாடி துடைப்பானுக்குக்கூட இருந்தது. மாற்று டயருக்கு இல்லை. அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு ஓரத்தில் பேனாவால் எழுதிக்கொண்டாள்.

ஒரு மணி நேரம் கழித்து மெக்கானிக் வெளியே வந்தார். சாலையில் தூவும் உப்பு பட்டு, டயரைத் தாங்கும் கம்பிக்கயிறு துருவேறிப் பூட்டிக்கொண்டதாம். தட்டித் தட்டி இறக்கியிருக்கிறார். டயரில் காற்று பாதிகூட இல்லை. "இதை இறக்கிப் பார்க்கச் சொல்லி யாருமே கேட்பதில்லை. உங்களுக்கு யார் சொன்னது?" என்றார்.

"என் அக்கா. சென்னையில் பிக்கப் ஓட்டுகிறாள்" என்றேன்.

அவர் புருவத்தை உயர்த்தினார். மேற்கொண்டு கேட்பார் என்று காத்திருந்தேன், கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என் ஆங்கிலம் அவ்வளவு தூரம் போகாது. தட்பவெப்பத்துக்கும் வருமானவரிக்கும் போதுமான ஆங்கிலம் அது. ஆகவே உங்களிடம் சொல்கிறேன்.

2

அக்காவின் பெயர் எழிலரசி. ஐம்பத்திரண்டு வயது. சைதாப்பேட்டையில் குளிர்ப்பெட்டி வாடகைக்கு விடும் ஒரு கடைக்கு வண்டி ஓட்டுகிறாள். இறந்தவர்களை வைக்கும் ஃப்ரீசர் பாக்ஸ். மேலே கண்ணாடி மூடி, ஒரு பக்கம் மோட்டார், அடியில் சின்னச் சக்கரங்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் இப்போது அது இல்லாமல் முடியாது. நாங்கள் விமானம் பிடித்து வந்து சேரும்வரை பெற்றவர்களின் முகத்தைக் காத்துவைப்பது அந்தப் பெட்டிதான்.

வண்டி குமரேசன் மாமாவுடையது, அக்காவின் கணவர். எட்டு வருடத்துக்கு முன்பு சர்க்கரை நோய் அவர் கண்ணைப் பிடித்தது. எதிரே வருவது லாரியா பஸ்ஸா என்று தெரியாத நிலை வந்ததும், வண்டியை விற்றுவிடலாம் என்றார். அக்கா அப்போது கிண்டியில் ஒரு துணிக் கம்பெனியில் தையல் வேலை செய்துகொண்டிருந்தாள்.

"வித்துட்டு? நீ ஒரு மூலைல குந்திக்கினு இருப்பே, நான் ஒரு மூலைல குந்திக்கினு இருப்பேன். அதுக்கு நானே ஓட்டறேன்" என்றாளாம். மாமா சிரித்திருக்கிறார். மறுநாளே அவள் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டாள். நாற்பத்துநாலு வயதில்.

முதல் தேர்வில் ரிவர்ஸ் எடுக்கும்போது கம்பத்தில் தட்டிவிட்டாள். இரண்டாவது தடவை தேறினாள். அன்று எனக்கு ஃபோன் செய்தாள்.

"நீ அங்க லைசென்ஸ் வாங்கறதுக்கு எத்தினி வாட்டி போனே?"

"மூணு வாட்டிக்கா. ஸ்டாப் போர்டுல முழுசா நிக்கலைன்னு ரெண்டு தடவை ஃபெயில் பண்ணிட்டாங்க."

"நானு ரெண்டே வாட்டி" என்றாள். சிரிப்பை அடக்க முடியாமல் ஃபோனை மாமாவிடம் கொடுத்துவிட்டாள்.

ஆற்றோரத்தில் இருந்த எங்கள் வீட்டை அரசாங்கம் இடித்தபிறகு, ஊருக்கு வெளியே நாலாவது மாடியில் வீடு கொடுத்தார்கள். அக்கா தினமும் காலையில் அங்கிருந்து சைதாப்பேட்டைக்கு வருகிறாள். மாமாவும் பக்கத்தில் உட்கார்ந்து கூடவே வருவார். பெட்டியைத் தூக்கக் கை கொடுப்பார். பார்வை மங்கலே தவிர, உடம்பில் பலம் இருக்கிறது.

3

இந்த ஜூலையில் யாழினியை அழைத்துக்கொண்டு சென்னை போனேன். மனைவிக்கு விடுமுறை கிடைக்கவில்லை. யாழினிக்கு வர விருப்பமே இல்லை. அவளுக்குத் தமிழ் புரியும், பேச வெட்கம். அத்தை ஒரு கேள்வி கேட்டால் என் முகத்தைப் பார்ப்பாள். மற்ற நேரமெல்லாம் காதில் மாட்டிய பாட்டு.

வந்த இரண்டாம் நாள் காலை கீழே இறங்கினால், அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் ஒரு கோணிமீது படுத்திருந்தாள். ஸ்டெப்னி இருப்பது சாமான் ஏற்றும் பின்தொட்டிக்கு அடியில், பின்சக்கரத்துக்கு அப்பால். ஒரு கம்பிக்கயிற்றில் தொங்கும். பின்னால் ஒரு துளையில் நீளக் கம்பியை விட்டுச் சுற்றினால் இறங்கும், எதிர்ப்பக்கம் சுற்றினால் ஏறும். அக்கா வாரத்துக்கு ஒருமுறை அதை இறக்கி ஏற்றுகிறாள். கயிறு இறுகிப்போகக் கூடாதாம். துளையில் கிரீஸ் தடவுகிறாள். காற்றடிக்கும் வாயில் எச்சிலைத் தொட்டு வைத்து, குமிழி வருகிறதா என்று பார்க்கிறாள். மற்ற சக்கரங்களைவிட அதில் கொஞ்சம் அதிகமாகவே காற்று வைக்கிறாள். சும்மா தொங்கும் டயரில் காற்று தானாக இறங்கும் என்கிறாள். பக்கவாட்டில் ரப்பர் வெடித்திருக்கிறதா என்று விரலால் முழு வட்டமும் தடவிப் பார்க்கிறாள். ஜாக்கி, வீல் ஸ்பேனர், ஒரு துண்டுப் பலகை மூன்றும் சீட்டுக்குப் பின்னால் அதனதன் இடத்தில் இருக்கும்.

"வாரா வாரமா பாக்கறே?" என்றேன்.

"தெனமும் பாப்பேன். எறக்கறதுதான் வாரத்துக்கு ஒருக்கா."

கனடாவில் நான் வாங்கி ஆறு வருடமான வண்டியில் அந்த டயர் எங்கே இருக்கிறது என்பதே எனக்குச் சரியாகத் தெரியாது என்று அவளிடம் சொல்லவில்லை.

காரணத்தை அன்று இட்லி சாப்பிடும்போது மாமாதான் சொன்னார். அக்கா ஓட்டத் தொடங்கிய முதல் வருடம். மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்து. சின்ன வயசு ஆள், திடீரென்று போய்விட்டார். சித்திரை வெயில். பெட்டியோடு போகும்போது வழியில் டயர் போய்விட்டது. இறக்கிப் பார்த்தால் ஸ்டெப்னியிலும் காற்றில்லை. வேறு வண்டி பிடித்துப் பெட்டியை மாற்றிப் போய்ச் சேர இரண்டரை மணி நேரம் ஆகிவிட்டது.

"அந்தப் பொண்ணு ஐஸ் கட்டிய சுத்தி வச்சிக்கினு, புருசனுக்கு வெசிறிக்கினு இருந்துச்சு" என்றாள் அக்கா. அவள் தட்டைப் பார்த்தபடிதான் பேசினாள். "நாங்க போனதும் திட்டும்னு நெனச்சேன். திட்டல. ‘வந்துட்டீங்களாக்கா’ன்னுச்சு. அவ்ளோதான். திட்டியிருந்தா மறந்துருப்பேன்."

மாமா குறுக்கிட்டார். "ஸ்டெப்னி பாக்க வேண்டியது நானு. கண்ணு தெரிலன்னு விட்டுட்டேன்."

"வண்டி ஓட்டறது நானு. நான்தான் பாக்கணும்" என்றாள் அக்கா. எட்டு வருடமாக அந்த விவாதம் அந்த வீட்டில் முடியவில்லை போலிருக்கிறது.

4

அடுத்த வாரம் மாமாவுக்குக் கண்ணில் ஊசி போட்டார்கள். இரண்டு நாள் வெயிலில் வரக் கூடாது. அவருக்குப் பதிலாக நான் வருகிறேன் என்றேன். யாழினியைத் தனியாக விட்டுப் போக மனமில்லாமல் அவளையும் ஏற்றிக்கொண்டோம். மூன்று பேரும் முன்சீட்டில் நெருக்கி உட்கார்ந்தோம்.

பகல் பன்னிரண்டரைக்குக் கடைக்கு அழைப்பு வந்தது. பெசன்ட் நகர். ஒரு வயதான அம்மாள் காலையில் இறந்துவிட்டார். ஒரே மகள் சிட்னியிலிருந்து கிளம்பிவிட்டாள். மறுநாள் விடிகாலைதான் வந்து சேருவாள். பெட்டியை ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினோம். ஒவ்வொரு முடிச்சையும் அக்கா இழுத்துப் பார்த்தாள்.

சைதாப்பேட்டைப் பாலத்தைத் தாண்டி, அடையாறு போகும் சாலையில் மரங்கள் தொடங்கும் இடம். பட்டென்று ஒரு சத்தம். வண்டி இடப்பக்கம் சரிந்து இழுத்தது. அக்கா பிரேக்கை அழுத்தவில்லை. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, வேகத்தை மெல்லத் தளரவிட்டு, ஓரமாகக் கொண்டுவந்து நிறுத்தினாள். பின்பக்கத்து இடது டயர். ஏதோ இரும்புத்துண்டு கிழித்திருந்தது.

அவள் மணி பார்த்தாள். "ஒண்ணு பத்து. எறங்கு."

நான் வேகமாக ஜாக்கியை எடுத்து வண்டிக்கு அடியில் வைத்தேன்.

"டேய் தாமு! மொதல்ல நட்ட லூஸ் பண்ணுடா. தூக்கினப்பறம் நட்டோட மல்லுக்கட்டினா வண்டி ஜாக்கிய வுட்டு எறங்கிடும். இன்னாத்த பிக்கப் ஓட்டறே அங்க?"

"அங்க ஃபோன் பண்ணா ஆள் வருவாங்கக்கா."

"வர்ற வரைக்கும்?"

ஸ்பேனரில் ஏறி மிதித்து நட்டுகளைத் தளர்த்தினேன். அதற்குள் அக்கா கம்பியைத் துளைக்குள் விட்டுச் சுற்றினாள். ஸ்டெப்னி சத்தமே இல்லாமல் இறங்கித் தரையில் படுத்தது. வெயிலில் தார் இளகிக் கிடந்தது. ஜாக்கி புதையாமல் இருக்க அந்தத் துண்டுப் பலகையை அடியில் வைத்தாள். வண்டி மெதுவாக உயர்ந்தது. பெட்டி ஒரு அங்குலம்கூட நகரவில்லை.

யாழினி நடைபாதையில் நின்றுகொண்டிருந்தாள். அக்கா அவளைப் பார்த்து, "கண்ணு, கைய நீட்டு" என்றாள். சூடான ஐந்து நட்டுகளையும் அவள் உள்ளங்கையில் போட்டாள். "ஒண்ணுகூடக் கீழ வுடக் கூடாது. வுட்டா வண்டி கெளம்பாது."

யாழினி நட்டுகளைக் கைக்குக் கை மாற்றிக்கொண்டாள். சுட்டிருக்கும். காதிலிருந்ததை எப்போது கழற்றினாள் என்று நான் கவனிக்கவில்லை.

போக்குவரத்துக் காவலர் ஒருவர் தூரத்திலிருந்தே கையை ஆட்டியபடி வந்தார். "எடு, எடு! இன்னாம்மா நடு ரோட்ல..." அப்போதுதான் பெட்டியைப் பார்த்தார். குரல் இறங்கியது. "உள்ள ஆளு கீதா?"

"இல்ல சார். காலிப் பொட்டி. பெசன்ட் நகர்ல வூட்ல காத்துக்கினு இருக்காங்க."

அவர் எங்களுக்குப் பின்னால் போய் நின்று, வரும் வண்டிகளை வலப்பக்கம் ஒதுக்கிவிட்டார். ஒரு பஸ் டிரைவர் ஹாரன் அடித்தபோது அந்த ஆளை அவர் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

அக்கா சக்கரத்தைத் தூக்கி மாட்டினாள். யாழினியிடமிருந்து ஒவ்வொரு நட்டாக வாங்கிக் கையால் முடுக்கினாள். அப்புறம் ஜாக்கியை இறக்கிவிட்டு, ஒன்றுக்கு அடுத்ததை விட்டு எதிர்ப்பக்கத்து நட்டு என்று மாற்றி மாற்றி இறுக்கினாள். கடைசி நட்டு முடிந்ததும் மணி பார்த்தாள். ஒன்று இருபத்தாறு. பதினாறு நிமிடம். அவள் முகத்தில் பெருமை ஒன்றும் தெரியவில்லை. காவலரைப் பார்த்துக் கையைக் கூப்பிவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

பெருமை எனக்குத்தான். ஐந்தடி உயரம்கூட இல்லாத இந்தப் பெண் எனக்கு அக்காவாகப் பிறந்திருக்கிறாள் என்பதை நினைத்து.

பெசன்ட் நகரில் அது கீழ்த்தளத்து வீடு. வாசலில் நின்ற பெரியவர், அந்த அம்மாளின் கணவர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாராம். "வாங்கோ. சொன்ன நேரத்துக்கு வந்துட்டேளே" என்றார். டயர் போன கதையை அக்கா சொல்லவே இல்லை. பெட்டியை உள்ளே தள்ளி, மின்சாரம் கொடுத்து, குளிர் ஏறுகிறதா என்று கண்ணாடிக்குள் கைவைத்துப் பார்த்தாள். பிறகு அந்த அம்மாளை உள்ளே வைக்க வேண்டும். பெண்கள் தூக்கினால் நல்லது என்று பெரியவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். வீட்டில் இருந்தது அவரும் பக்கத்து வீட்டம்மாவும்தான். அக்கா யாழினியைப் பார்த்தாள். யாழினி என்னைப் பார்க்கவில்லை. நேராக உள்ளே போனாள். கதவு சாத்தப்பட்டது.

நானும் பெரியவரும் வாசலில் நின்றோம்.

"குழந்தை வந்துண்டிருக்கா. காலம்பற அஞ்சு மணிக்கு இறங்கறா" என்றார். அவர் சொன்ன குழந்தைக்கு நாற்பது வயதாவது இருக்கும். "நீங்க இங்கேயே இருக்கேளா?"

"இல்ல சார். கனடா."

"அப்பா அம்மா?"

"அம்மா நான் சின்னப் பையனா இருந்தப்பவே போயிட்டாங்க. அப்பா போய் நாலு வருஷம் ஆச்சு."

"வந்து பாத்தேளா?"

நான் தலையை அசைத்தேன். இல்லை என்று. அவர் என் தோளில் கையை வைத்தார். மனைவியை இழந்து ஆறு மணி நேரம் ஆன மனிதர் எனக்கு ஆறுதல் சொன்னார்.

5

திரும்பும்போது அக்கா நேராகக் கடைக்குப் போகவில்லை. வழியில் இன்னொரு வீட்டிலிருந்து பெட்டியை எடுத்து வரச் சொல்லிக் கடையிலிருந்து ஃபோன் வந்தது. "வேற வண்டி அனுப்புங்க. என்கிட்ட ஸ்டெப்னி இல்ல" என்று வைத்துவிட்டாள். அடையாறில் ஒரு பங்க்சர் கடையில் நிறுத்தினாள். கிழிந்த டயரைக் கடைக்காரர் பார்த்தார். அது இனி உதவாது, வேறு டயர் போட வேண்டும், அரை மணி ஆகும் என்றார். பெஞ்சில் உட்கார்ந்தோம். டீ வந்தது.

யாழினி தமிழில், தட்டுத் தடுமாறி, அத்தையிடம் கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை.

"அத்தை, தாத்தாவும் அந்த பாக்ஸ்லதான் இருந்தாரா?"

"அதேதான் கண்ணு. நான்தான் ஓட்டிக்கினு போனேன்."

"அப்பா ஏன் வரல?"

நான் வாயைத் திறந்தேன். அக்கா கையை நீட்டித் தடுத்தாள். "வரணும்னுதான் பாத்தான். பாஸ்போர்ட்டு புதுசு வாங்கக் குடுத்திருந்தான். அது கைக்கு வரணும், அப்பறம் இங்க வர்றதுக்கு வீசா வாங்கணும்."

கனடா குடிமகன் ஆகிவிட்டதால், சைதாப்பேட்டையில் பிறந்தவன் சைதாப்பேட்டைக்கு வர விசா வாங்க வேண்டும். அந்த நாட்களில் நான் நின்ற வரிசைகளும் நிரப்பிய படிவங்களும் எனக்கு இன்னும் மனப்பாடம். 'பயணத்தின் அவசரக் காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் அப்பா என்று எழுதினேன். மேசையில் இருந்தவர் சரியான காரணத்தை எழுதச் சொன்னார்.

"ரெண்டு நாள் வச்சிருந்தோம்" என்றாள் அக்கா. "சொந்தக்காரங்கல்லாம் கத்தினாங்க. அவன் வர மாட்டான், தூக்குங்கன்னு."

"நான் வந்துடுவேன்னு சொன்னதை நம்பி நீ காத்துக்கிட்டு இருந்தே" என்றேன். நாலு வருடமாக என்னை அரித்துக்கொண்டிருந்தது அதுதான்.

"நம்பில்லாம் இல்லடா." அக்கா டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "மொத நாளே ட்ராவல்ஸ்காரரைக் கேட்டுட்டேன். அஞ்சு நாளைக்கு மின்னாடி முடியாதுன்னுட்டாரு. எனக்குத் தெரியும், நீ வர மாட்டேன்னு."

"அப்புறம் ஏன் வச்சிருந்தே?"

"நீ ஃபோன்ல ‘வந்துக்கினே கீறேன்க்கா, வந்துக்கினே கீறேன்க்கா’ன்னு அழுதுக்கினு இருந்தே. உன்கிட்ட போய் முடியாதுன்னு நான் எப்டி சொல்வேன்? நீயா ‘முடியலக்கா, எடுத்துருங்க’ன்னு சொல்ற வரைக்கும் வச்சிருந்தேன்."

ரெண்டு நாள். அப்பாவுக்காக இல்லை, எனக்காக. ஊரே கத்த, அவள் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பூமியின் மறுபக்கத்தில் இருந்த தம்பிக்கு மனசு ஆறட்டும் என்று நேரம் கொடுத்திருக்கிறாள். சொல்லிக்காட்டவும் இல்லை. யாழினி கேட்டிராவிட்டால் எனக்குத் தெரியாமலேயே போயிருக்கும். நான் எழுந்து கடைக்குப் பின்னால் போய்க் குழாயில் முகம் கழுவிக்கொண்டேன். திரும்பி வந்தபோது யாழினி அக்காவின் தோளில் சாய்ந்திருந்தாள். கிரீஸ் கறை அவளுடைய வெள்ளைச் சட்டையெல்லாம்.

டயர் தயாரானது. அக்கா காற்றுவாயில் எச்சில் தொட்டு வைத்துப் பார்த்தாள். குமிழி இல்லை. "வெச்சி ஏத்து" என்றாள்.

6

அடுத்த நாள் மதியம் பெசன்ட் நகரிலிருந்து பெட்டியை எடுத்து வர வேண்டும். நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அதற்குள் யாழினி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய ஃபோன் வீட்டில் சார்ஜில் கிடந்தது.

"அங்க ஆளுங்க நெறைய வந்துட்டாங்க, தூக்கிக் குடுப்பாங்க. நீ மாமாவோட இரு" என்று அக்கா என்னிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள்.

மாலை ஐந்து மணிக்கு வந்தார்கள். அக்கா குளிக்கப் போனாள். யாழினி சமையலறை வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள். அந்த மகள் விடிகாலை வந்து சேர்ந்துவிட்டாள், அம்மாவைப் பார்த்தாள் என்றாள்.

"எப்படி இருந்தாங்க?"

"அழுதுட்டே இருந்தாங்க. பெட்டியைத் திரும்ப எடுக்கறப்போ வெளிய வந்தாங்க. அத்தைகிட்ட கேட்டாங்க, ‘எங்கம்மாவ இதுல வைக்கறப்போ பக்கத்துல யாராவது இருந்தாளா, இல்ல தனியா வச்சாளா’ன்னு."

"அத்தை என்ன சொன்னா?"

"அத்தை என்னைப் பாத்தாங்க." யாழினி வார்த்தையைத் தேடினாள். வழக்கமாக அந்த இடத்தில் ஆங்கிலத்துக்குப் போய்விடுவாள். அன்று போகவில்லை.

"‘நான் இருந்தேன்’னு சொன்னேன் அப்பா."